நூற்றுத் தொண்ணூறு கிராம்

திங்கட்கிழமை காலை, அவள் ஒரு காலித் தொட்டியைத் தராசில் வைத்தாள். 450 கிராம் என்று காட்டியது. வெட்டிய இலைகளை அதில் போட்டு எடை பார்க்கலாம் என்று எடுத்த தொட்டி. வழக்கமான தட்டில் விரிசல் விழுந்திருந்தது. தொட்டியின் ஓரம் அழுக்காக இருந்ததால் அதை ஒதுக்கிவிட்டு, ஆய்வுக்கூடத்து அலமாரியில் கிடந்த பழைய தொட்டி ஒன்றை வைத்தாள். 640.

தராசுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து வைத்தாள். 1000. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். 1000. தராசின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு தொட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். இரண்டும் கறுப்பு. ஒரே உயரம், ஒரே வாய். விற்றவனே வந்து பார்த்தாலும் ஒரே அச்சு என்றுதான் சொல்வான். கவிழ்த்துப் பார்த்தாள். கனமான தொட்டியின் அடியில் நாலு துளை. லேசான தொட்டியின் அடியில் ஆறு துளை.

இரண்டு எடைகளையும் ஒரு தாளில் எழுதினாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் ஏழு ஆண்டுகளாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் சோளச்செடி, அந்தத் திறனைத் தன் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகுமா? ஒரு கூட்டம் செடிகளைக் காயப் போடுவார்கள். சாகாமல் நின்றவற்றில் மட்டும் விதை எடுப்பார்கள். அந்த விதையில் முளைத்ததையும் காயப் போடுவார்கள். இப்படி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. அந்த வம்சத்துக்கு ஆய்வுக்கூடத்தில் ‘பஞ்சத்துப் பிள்ளைகள்’ என்று பெயர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே சோளத்தில் ஒரு நாள்கூடத் தாகம் அறியாமல் வந்த வம்சம் ஒன்றும் இருந்தது. அவை ‘செல்லப் பிள்ளைகள்.’

இது கடைசிச் சோதனை. இருபத்துநாலு பஞ்சத்துப் பிள்ளைகள், இருபத்துநாலு செல்லப் பிள்ளைகள், மூன்று வார வறட்சி. முடிவு போன வாரமே தெரிந்துவிட்டது. செல்லப் பிள்ளைகளில் இரண்டு தவிர மற்ற எல்லாம் காய்ந்து சுருண்டன. பஞ்சத்துப் பிள்ளைகளில் மூன்று மட்டுமே காய்ந்தன, இருபத்தொன்று பச்சையாக நின்றன. அன்று ஆய்வுக்கூடத்தின் தலைவர் எல்லோருக்கும் தன் கைக்காசில் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் பணப்பை என்ன நிறம் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விதைக்கு அனுமதி கொடுக்கும் குழு வருகிறது. அவர்கள் சரி என்றால் விதை நாற்பது விவசாயிகளின் வயலுக்குப் போகும். அந்த நாற்பது பேரில் ஒருவர் அவளுடைய அண்ணன்.

வறட்சி என்றால் தண்ணீரை அடியோடு நிறுத்துவது என்று நினைக்க வேண்டாம். அப்படி நிறுத்தினால் எல்லாம் செத்துப்போகும், ஒன்றும் தெரியவராது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு தாகம் இருக்க வேண்டும். அதற்குத் தினமும் மாலை ஒவ்வொரு தொட்டியையும் எடை போட்டு, அன்று குறைந்த தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றுவார்கள். எந்த எடைவரை ஊற்றுவது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். தொட்டி 640, காய்ந்த மண் 3000, தண்ணீர் 270. மொத்தம் 3910.

தொட்டி 640 என்று எழுதினாளே, எத்தனை தொட்டியை எடை போட்டாள்? ஒன்றை. ஒரே ஒரு தொட்டியை.

விதைத்த நாள் நினைவுக்கு வந்தது. கிடங்கில் முப்பது தொட்டிதான் இருந்தது. காலையில் செல்லப் பிள்ளைகள் இருபத்துநாலையும் விதைத்தார்கள். மிச்சம் இருந்த ஆறில் பஞ்சத்துப் பிள்ளைகளைத் தொடங்கினார்கள். அதற்குள் மதியமாகிப் புதுத் தொட்டிகள் வந்து இறங்க, மீதிப் பதினெட்டையும் அதில் விதைத்து முடித்தார்கள். பிறகு, எந்தத் தொட்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவள் சீட்டுப் போட்டு அடுக்கினாள். வெயில் ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தாலும் யாருக்கும் சலுகை ஆகிவிடக் கூடாது என்று அத்தனை கவனம். இடத்துக்குச் சீட்டுப் போட்டவள் தொட்டிக்குப் போடவில்லை.

தாளின் ஓரத்தில் கழித்துப் பார்த்தாள். 3910இலிருந்து 450 போக, 3000 போக, 460.

270 இருக்க வேண்டிய இடத்தில் 460. பதினெட்டுப் பஞ்சத்துப் பிள்ளைகளும் மூன்று வாரமாக வயிறாரக் குடித்துக்கொண்டிருந்தன.

கூடாரத்துக்கு ஓடினாள். மேலே மழையைத் தடுக்கும் பிளாஸ்டிக் கூரை, நாலு பக்கமும் வலை, நடுவில் கம்பிவலை மேசைகள். செடி நிற்கும் தொட்டியைக் கவிழ்க்க முடியாது. தரையில் மல்லாந்து படுத்து மேசைக்கு அடியில் நகர்ந்து, கம்பிவலை வழியாகத் தொட்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்தாள். ஆறு துளை. ஆறு துளை. நாலு துளை. எண்ணைக் கையிலேயே எழுதிக்கொண்டாள்.

“கீழ என்ன பாப்பா தேடற? மோதிரமா?”

வாசலில் நின்றவர் சொட்டு அண்ணன். தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. கடைசி நாலைந்து கிராமை ஊசிக்குழாயில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். அதனால் வந்த பெயர். சொட்டைத் தலையைப் பார்த்து வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு.

“துளை எண்ணறேன் அண்ணே.”

“என்னது? வாயத் தொறந்து சொல்லு. நீ பேசறது உன் பக்கத்துப் பல்லுக்கே கேக்காது.”

அவள் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் மண். நாலு துளைத் தொட்டியில் இருக்கும் பஞ்சத்துப் பிள்ளைகள் ஆறின் எண்களையும் பதிவேட்டோடு ஒப்பிட்டாள். 4, 11, 17, 29, 33, 46. காய்ந்துபோன பஞ்சத்துப் பிள்ளைகள் மூன்றின் எண்கள் 11, 29, 46.

போன வாரம் அந்த மூன்றையும் பார்த்து, எந்தக் குடும்பத்தில்தான் சோப்ளாங்கி இல்லை என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். உண்மையாகவே தாகம் பட்டவை ஆறு. அதில் பாதி செத்துவிட்டது.

அவள் சொல்லி முடித்ததும் சொட்டு அண்ணன் அப்படியே ஒரு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு வாரம் பாப்பா. ஒரு கிராம் கூடல, ஒரு கிராம் குறையல. என் பொண்ணுக்குக் காய்ச்சல்னு போன் வந்தப்பகூட ஊத்தி முடிச்சுட்டுத்தான் போனேன்.”

“நீங்க சரியாத்தான் ஊத்துனீங்க அண்ணே. நான் எழுதிக் கொடுத்த நம்பர்தான் தப்பு.”

“தலைவர்கிட்ட சொல்லப் போறியா?”

கூடார வாசலில் தொங்கிய எடைத்தாளை எடுத்தாள். அந்தத் தாளில் ஒரு விதி உண்டு. பேனாவால்தான் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது. மாற்றினால் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வரிகளில் 3910இன் மேல் கோடு இழுத்து 3720 என்று எழுதினாள். பதினெட்டுக் கையெழுத்து. பிறகுதான் தலைவரின் அறைக்குப் போனாள். அங்கே போய் நின்றால் தன்னால் எதுவும் பேச முடியாமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வர வழி இல்லாமல் செய்துகொண்டு போவதுதான் நல்லது.

தலைவர் வெள்ளிக்கிழமைக்கான உரையை எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், தொட்டி எடை...”

“சத்தமா சொல்லும்மா.”

சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் நீட்டிய தாளை வாங்கி, அவள் போட்ட கழித்தலைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். ஏழாம் வகுப்புப் பையன் போடும் கணக்கு. அவருக்கு அதிலும் பிழை கிடைக்கவில்லை.

“யார் யாருக்குத் தெரியும்?”

“சொட்டு அண்ணனுக்கு.”

“அவனுக்கா? அப்ப இந்நேரம் கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.” எழுந்து கதவைச் சாத்தினார். “இங்க பாரு. எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் சர்வீஸ். இந்த விதை தாங்கும். எனக்குத் தெரியும். ஏழு வருஷமா இதோட மூஞ்சியத்தான் பாத்துட்டிருக்கேன், என் பேரன் மூஞ்சியக்கூட இவ்வளவு பாத்ததில்ல. ஒரு சோதனையில தொட்டி மாறிப்போச்சு. அடுத்த பருவத்துல சரி பண்ணிக்கலாம். நாலு நாளைக்கு அந்த ஷீட் அப்படியே இருக்கட்டும்.”

“மாத்திட்டேன் சார்.”

“எதை?”

“ஷீட்ட. பதினெட்டுக்கும் 3720. கையெழுத்தும் போட்டுட்டேன்.”

அவர் கதவருகே நின்றபடியே திரும்பினார்.

“வாயத் தொறக்காத பொண்ணாச்சேன்னு வேலைக்கு எடுத்தேன். நீ என்னடான்னா பேனாவத் தொறக்கற.” உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. “சரி. முழுப் பூசணிக்காய நாலு நாளைக்கு மேல சோத்துல மறைக்கவும் முடியாது. இன்னையிலிருந்து உண்மையான வறட்சி. வெள்ளிக்கிழமை காலையில என்ன நிக்குதோ அதைக் காட்டுவோம். ஆனா அதுவரைக்கும் வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. உங்க அண்ணன் பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கு இல்ல? அவருக்கும்தான்.”

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டியிருக்கக் கூடாது என்பது அறையை விட்டு வெளியே வந்த பிறகு தோன்றியது.

அன்று மாலை பதினெட்டுத் தொட்டிக்கும் தண்ணீர் கிடையாது. சொட்டு அண்ணன் ஊசிக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றின் பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு போய் மற்றவற்றுக்கு ஊற்றினார். செவ்வாய்க்கிழமை மாலை தொட்டிகள் 3740க்கு இறங்கின. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் செத்துவிட்டால் விதையும் இல்லை, ஏழு ஆண்டும் இல்லை. எல்லாம் நின்றுவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அவள் மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தாள். பார்ப்பதால் செடி பிழைக்கும் என்றால் அந்தச் சோளம் கூரையைத் துளைத்துக்கொண்டு வளர்ந்திருக்கும்.

செவ்வாய் இரவுச் சாப்பாட்டுக்குக் கை கழுவியபோது அண்ணி போன் செய்தாள்.

“என்ன விஞ்ஞானி, சாப்பிட்டியா?”

“இல்ல அண்ணி, இப்பதான்.”

“சாப்பிட்டுக்கிட்டே கேளு. இங்க விதைக் கடையில குறுகிய காலச் சோளம் வந்திருக்கு. மழ தப்பினாலும் எழுபது நாள்ல ஏதோ கைக்கு வந்துடும். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணியோட கடைய மூடறாங்களாம், அப்புறம் அடுத்த பருவம்தான். உங்க அண்ணன் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேங்கறாரு. ‘என் தங்கச்சி விதை வருது, வயல் அதுக்காகக் காத்திருக்கு’ன்னு தெரு முழுக்கச் சொல்லியாச்சு. மேல் வயல், கீழ் வயல் ரெண்டும் உழுதுபோட்டுச் சும்மா கிடக்கு. எதிர் வீட்டுக்காரர் தினமும் வந்து, ‘என்ன, அம்மிக்கல்லு முளைச்சுதா’ன்னு கேட்டுட்டுப் போறாரு. நான் உன்னைத்தான் கேக்கறேன். வாங்கிப் போடவா, வேண்டாமா?”

கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கிழமை சொல்றேன் அண்ணி.”

“வெள்ளிக்கிழமையா? அரசன நம்பிப் புருஷனக் கைவிட்ட கதையா ஆயிடாதே?”

“ஆகாது.”

“சத்தியமா?”

“ஆகாது அண்ணி.”

“சரி, நீ சொன்னா சரி. சாப்பிடு.”

அவள் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை பதினெட்டும் 3720ஐத் தொட்டன. அதற்குக் கீழே இறங்காமல் சொட்டு அண்ணன் பிடித்து நிறுத்தினார். அப்போதுதான் அவற்றுக்கு உண்மையான தாகம் தொடங்கியது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் பதினெட்டுச் செடியும் இலைகளைக் குழல்போலச் சுருட்டிக்கொண்டன. சோளம் அப்படித்தான் செய்யும். வெயிலுக்கு உடம்பைக் குறுக்கிக்கொள்வது குற்றமில்லை. இரவில் ஓய்ந்து, விடியும்போது இலையை விரித்துவிட்டால் அது தாங்குகிறது என்று அர்த்தம். விடிந்தும் விரியாவிட்டால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

“நாளைக்குக் காலையில தெரிஞ்சுடும்” என்றார் சொட்டு அண்ணன். “பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல. எப்படியும் பெயில்னு தெரியும்.”

வெள்ளிக்கிழமை அவள் ஐந்தரை மணிக்குக் கூடாரத்துக்கு வந்தபோது அவர் முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை. தனியாகப் பார்க்கத் துணிவில்லை போல.

வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முதல் தொட்டி. இலை விரிந்திருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக, தட்டையாக இருந்தது. இரண்டாவதும் விரிந்திருந்தது. மூன்றாவது சுருண்டே கிடந்தது, நுனி பழுப்பு. நாலாவதும் அப்படியே. அவர் உரக்க எண்ண, அவள் எழுதினாள். ஏழாவதுக்குப் பிறகு அவர் குரல் கம்மியது. எண்ணிக்கை முடிந்ததும் இருவரும் இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணினார்கள்.

பதினொன்று விரிந்திருந்தன. ஏழு விரியவில்லை.

“பாதிக்கு மேல பாப்பா!” சொட்டு அண்ணன் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மனிதர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

எட்டு மணிக்குத் தலைவர் தாளைப் பார்த்தார். “புதுத் தொட்டியில பதினொண்ணு, பழைய தொட்டியில மூணு. இருபத்துநாலுல பதினாலு. செல்லப் பிள்ளைல ரெண்டு. போதும்மா. இது போதும்.” அவர் முகத்தில் நாலு நாளாக இல்லாத ரத்தம் திரும்பி வந்தது. “தொட்டி மாறினதையும் நானே குழுகிட்ட சொல்லிடறேன். ஒளிக்க ஒண்ணுமில்ல.”

“சார், அந்தப் பதினொண்ணும்...”

அவருக்குக் கேட்கவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கூட்ட அறைக்கு நடந்துகொண்டிருந்தார்.

குழுவில் மூன்று பேர். தலைமை வகித்தவர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மையார். விதை நிறுவனத்திலிருந்து ஒருவர். விவசாயிகளின் சார்பில் ஒரு பெரியவர். அவள் சுவரோர நாற்காலியில், மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தலைவர் சொன்னபடியே செய்தார். தொட்டி எடை மாறிய கதையை ஒளிக்காமல் சொன்னார். அம்மையார் நிமிர்ந்து பார்த்து, “தப்பை நீங்களே சொன்னது நல்லது” என்றார். பிறகு தலைவர் திரையில் இரண்டு எண்களைக் காட்டினார். 24இல் 14. 24இல் 2. விவசாயிகள் சார்பில் வந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், “ஏழு மடங்கு!” என்றார். அம்மையார் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

அவளுக்குள் இரண்டு பேர் பேசினார்கள். ஒருத்தி சொன்னாள்: பேசாமல் இரு. விதை தாங்கத்தான் செய்கிறது. அண்ணன் மானம் தப்பும், தலைவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், நீ செய்த தப்பும் தானாக மூடிக்கொள்ளும். இன்னொருத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். செல்லப் பிள்ளைகள் எத்தனை நாள் தாகம் பட்டன? மூன்று வாரம். அந்தப் பதினொன்று? இரண்டு நாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தவனையும் மூன்று வாரம் கிடந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி யாருக்குத் தெம்பு அதிகம் என்று கேட்பது என்ன நியாயம்? வயலில் மழை இரண்டு நாளா தவறும்?

“அதை எண்ணக் கூடாது” என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அம்மையார் எழுதத் தொடங்கினார்.

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது. எல்லோரும் திரும்பினார்கள்.

“பதினெட்டை எண்ண முடியாது மேடம்.” தன் குரலே அவளுக்கு யாரோ பேசுவதுபோல இருந்தது. “அதெல்லாம் மூணு வாரம் நல்லாக் குடிச்சுட்டு, ரெண்டே ரெண்டு நாள்தான் காஞ்சிருக்கு. மத்ததெல்லாம் மூணு வாரம் காஞ்சது. ரெண்டையும் ஒண்ணா கூட்டக் கூடாது. எண்ணக்கூடியது ஆறு. முதல் நாள்லேருந்து சரியான தொட்டியில இருந்த ஆறு. அதுல மூணு நிக்குது.”

தலைவர் சன்னலைப் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?” என்றார் அம்மையார்.

“அந்த எடையத் தப்பா எழுதினது நான்தான்.”

“ஆறுல மூணு. செல்லப் பிள்ளை இருபத்துநாலுல ரெண்டு.” அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். “இந்த ஆறை நம்பி நாற்பது பேர் வயலைக் கொடுக்கலாமா?”

“கூடாது.”

“உங்க விருப்பத்தைக் கேக்கல. கணக்கு என்ன சொல்லுது?”

“அதுவும் அதையேதான் மேடம் சொல்லுது. ஏதோ இருக்குன்னு சொல்லுது. எவ்வளவுன்னு சொல்லல. இன்னொரு தடவை போடணும்.”

பெரியவர், “விதைப்பு நேரத்துல வந்து இப்படிச் சொல்றீங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அம்மையார் இரண்டு வரி எழுதி, சத்தமாகப் படித்தார். இந்தப் பருவத்தில் விதை வழங்குவதில்லை. சோதனையை மறுபடி செய்ய வேண்டும். தலைவர் திரையில் இருந்த எண்களை அணைத்தார். பிறகு அவளைப் பார்க்காமலே, “உக்காரும்மா” என்றார்.

அவள் உட்காரவில்லை. வெளியே நடந்தாள். பன்னிரண்டு மணி ஏழு நிமிடம்.

அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான். “சொல்லு, எப்ப வண்டிய அனுப்ப?”

“அண்ணா, விதை வராது.”

“என்னது?”

“இந்தப் பருவம் கொடுக்கல. நான் தப்புப் பண்ணிட்டேன். உடனே கடைக்குப் போண்ணா. ஒரு மணி வரைக்கும்தான். தயவுசெஞ்சு போ.”

அந்தப் பக்கம் அண்ணியிடம் அண்ணன் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, “தெருவுல என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?” என்றான். போன் கைமாறும் சத்தம். அண்ணியின் குரல் வந்தது. “மூஞ்சிய அப்புறம் வெச்சுக்கலாம், வண்டிச் சாவிய எங்க வெச்சீங்க, அதச் சொல்லுங்க!” அவ்வளவுதான். போன் துண்டிக்கப்பட்டது.

விதைக் கடைக்கு வண்டியில் அரை மணி நேரம். அவள் தாழ்வாரத்தில் நின்றாள். குழு மதிய உணவுக்குப் போனது. சொட்டு அண்ணன் ஒரு தேநீரைக் கொண்டுவந்து சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். தேநீரின் மேல் ஆடை படிந்தது. பன்னிரண்டு முப்பத்தைந்து. பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

ஒரு மணிக்கு நாலு நிமிடம் இருந்தபோது அண்ணி கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

“கிடைச்சுது. ஆனா மிச்சம் இருந்ததே ரெண்டு மூட்டைதான். கீழ் வயலுக்கு ஆகும். மேல் வயலுக்குப் பத்தாது.” குரலைத் தாழ்த்தினாள். “இந்தக் கடைக்காரர் சொல்றாரு, செவ்வாய்க்கிழமை வந்திருந்தா கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருந்தாங்களாம்.”

“அண்ணி...”

“உங்கண்ணன் பேசணுங்கறாரு.”

அண்ணனின் குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் ஆட்கள் இருக்க வேண்டும்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“திங்கட்கிழமை.”

“திங்கட்கிழமை” என்றான் அவன். “உங்க அண்ணி செவ்வாய்க்கிழமை கேட்டாளே.”

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. எல்லாம் நின்னுட்டா சொல்லவே வேண்டியிருக்காதுன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கோண்ணா.”

மூட்டையை வண்டியில் ஏற்றும் சத்தமும், அண்ணி யாரையோ கயிறு கேட்பதும் கேட்டன.

“வந்தவங்க முன்னாடி எழுந்து சொன்னியாமே. குழுவுல இருந்த பெரியவர் இங்க கடைக்காரருக்கு அதுக்குள்ள போன் பண்ணிட்டாரு.”

“ஆமா.”

“அவங்க முன்னாடி எழுந்து சொல்லத் தெரிஞ்சுது. எனக்கு ஒரு போன் பண்ணத் தெரியல.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“கீழ் வயல்ல ஈரம் இன்னைக்குத்தான் இருக்கும். விதைக்கணும். வெச்சுடறேன்.”

வைத்துவிட்டான்.

கூட்ட அறையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அம்மையாருக்குப் பதிவேடு வேண்டுமாம். அவள் பதிவேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி இன்னும் சற்று நேரம் நின்றாள். அடுத்த பருவம்வரை சும்மா கிடக்கப்போகும் மேல் வயல் ஐந்து ஏக்கர். வரப்பிலேயே ஒரு சுற்று நடந்து வரக் கால் மணி நேரம் ஆகும்.